நேர்மை சாமிக்குப் பட்ட கடன் அல்ல

"சாமி பயம் விட்டுப்போச்சு, அதான் இவ்வளவும் நடக்குது." ராகலைப் பக்கம் எந்தத் தோட்டத்தில் எது நடந்தாலும் கடைசியில் இந்தத் தீர்ப்புத்தான். லயத்தில் நகை காணாமல் போனாலும், படிக்கிற பையன் போதை மாத்திரையோடு பிடிபட்டாலும், சீட்டுப் பிடித்தவர் இரவோடு இரவாகக் கொழும்புக்கு ஓடிவிட்டாலும், பெரட்டுக் களத்தில் தொடங்கிப் பாடசாலைப் பரிசளிப்பு மேடை வரை இதையே சொல்கிறார்கள். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். எதிர்த்து ஒரு சொல் பேசினால், "நீ என்ன, சாமி இல்லைன்ற கட்சியா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சுக்குள் இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. கடவுளை நம்புகிறவன் தப்புச் செய்ய அஞ்சுவான் என்பது ஒன்று. நம்பாதவனுக்கு அஞ்ச எதுவும் இல்லை, ஆகவே அவனிடம் ஒழுக்கத்தை எதிர்பார்க்கக் கூடாது என்பது மற்றது. இரண்டும் பொய். மலையகத்தில் உழைத்துப் பிழைக்கிற சனத்துக்குக் கேடு செய்கிற பொய் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த எண்ணம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமானது இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019இல் 34 நாடுகளில், ஒருவர் நல்லவராக இருக்கக் கடவுள் நம்பிக்கை அவசியமா என்று கேட்டது. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் நூற்றுக்கு 96 பேர் அவசியம் என்றார்கள். சுவீடனில் 9 பேர். அந்தச் சுவீடன்தான் ஊழல் குறைந்த நாடுகளின் பட்டியலில் ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்கிறது. 2017இல் வெளியான இன்னோர் ஆய்வு 13 நாடுகளில் 3,000க்கு மேற்பட்டவர்களிடம் நடந்தது. ஈவிரக்கமில்லாத ஒரு தொடர் கொலைகாரனை விவரித்து, அவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று ஊகிக்கச் செய்தார்கள். நாத்திகனாகத்தான் இருப்பான் என்ற பக்கமே மனங்கள் அதிகம் சாய்ந்தன. தாங்களே கடவுளை நம்பாதவர்கள் என்று சொன்னவர்களின் மனமும் அந்தப் பக்கமே சாய்ந்தது. யாரும் ஆராய்ந்து கண்ட முடிவு அல்ல இது. தாய்ப்பாலோடு உள்ளே போன ஒரு தப்பெண்ணம்.

நம் தீவைப் பார்ப்போம். அன்றாட வாழ்வில் மதம் முக்கியமா என்று கலப் நிறுவனம் 2009இல் பல நாடுகளில் கேட்டபோது, இலங்கையில் நூற்றுக்கு 99 பேர் ஆம் என்றார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று அது. 26 ஆண்டு யுத்தம் முடிந்ததும் அதே 2009இல்தான். 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்தவர்களும் இந்த மண்ணில்தான் பிறந்தார்கள், ஏதோ ஒரு வழிபாட்டிடத்தில் கைகூப்பித்தான் வளர்ந்தார்கள். அதே நாட்களில் அயல் வீட்டுத் தமிழரை அறைக்குள் ஒளித்து வைத்து, வாசலில் நின்று இல்லை என்று பொய் சொன்ன சிங்களவர்களும் இருந்தார்கள். துரத்தியவரும் ஒளித்தவரும் ஒரே பன்சலைக்குப் போகிறவர்களாக இருந்திருக்கலாம். சாமி பயத்தை அளவுகோலாக வைத்து இவர்களைப் பிரிக்க முடியாது.

தோட்டங்களின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தார்கள். அவர்களைக் கூட்டிவரச் சொன்ன துரைமார் பக்தியில்லாதவர்கள் அல்ல. நுவரெலியாவில் அவர்களின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852லேயே எழும்பிவிட்டது. 1854இல் கூலிகளுக்கு வேதம் சொல்லவென்று ஒரு மிஷனையே தொடங்கினார்கள். இடையில் நின்ற பெரிய கங்காணி தோட்டத்தில் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார், திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொண்டார். அவரே ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கினார். தீராத கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு குடும்பத்தையே தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினார். அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிந்தது. ஒழித்தது சாமி பயம் அல்ல, சட்டம். சட்டத்துக்குப் பின்னால் இந்தியாவிலிருந்தும் இங்கிருந்தும் எழுந்த கண்டனம் இருந்தது.

பழைய கதை வேண்டாம் என்றால் இன்றைக்குக் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வாருங்கள். காலையில் மலைக்கு ஏறிய பெண் குளிரிலும் அட்டைக்கடியிலும் கொய்து வந்ததைத் தராசில் போடும்போது, தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கிலோக் கணக்கில் கழிக்கிறார்கள். வெயில் எரிக்கிற நாளிலும் தண்ணீருக்குக் கழிவு உண்டு. கேட்ட அளவு வராவிட்டால் முழுப் பேர் கிடையாது, அரைப் பேர்தான். ஆக, இரண்டு கிலோவில் ஒருத்தியின் பாதி நாள் சம்பளம் போய்விடும். 2021இல்தான் நாட் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது, அதுவும் எத்தனை ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு! அதிலும் பாதி போனால் அன்றைக்கு அடுப்பில் என்ன ஏறும் என்று தராசடியில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். அவர் நெற்றியில் திருநீறு இருக்கிறது. கையில் காப்புக்கயிறு இருக்கிறது. அவர் வேஷம் போடுகிறார் என்று நான் சொல்லவில்லை. உள்ளபடியே நம்புகிறார், தீ மிதிக்கிறார், விரதம் பிடிக்கிறார். அந்த உண்மையான நம்பிக்கைக்கும் அந்த இரண்டு கிலோவை நிறுத்தும் வலிமை இல்லை என்பதே என் வாதம்.

ஏன் இல்லை? பரிகாரம் இருப்பதால். ஒருத்திக்குச் செய்த அநியாயத்தைச் சாமிக்குச் செய்த குற்றமாக மாற்றிக்கொண்டால், தீர்வையும் சாமியோடு பேசி முடித்துவிடலாம். தேங்காய் உடைக்கலாம், மொட்டை போடலாம், அன்னதானத்துக்கு மூட்டை அரிசி கொடுக்கலாம். சாமி மன்னித்துவிட்டார் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகலாம். சம்பளம் இழந்தவள் கையில் ஒரு சதமும் வராது. அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதும் இல்லை. உண்மையில் கடன் பட்டது யாரிடம்? அவளிடம். திருப்பித் தரவேண்டியதும் அவளுக்குத்தான். சாமி பயத்தில் ஒழுக்கத்தைக் கட்டுகிறவர்கள் இந்தக் கடனை ஆள் மாற்றி எழுதிவிடுகிறார்கள். கடன்காரன் கோயிலில் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறான், கொடுத்தவள் லயத்தில் வெறுங்கையோடு இருக்கிறாள். பக்தி எல்லாம் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. தான் கெடுத்தவனின் வீட்டு வாசலுக்குப் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்ட பக்தர்களும் உண்டு. அவர்கள் போனது பாதிக்கப்பட்டவனின் முகம் நெஞ்சை அறுத்ததால். அந்த அறுப்புக்குப் பெயர்தான் மனச்சாட்சி. அது வருவதற்குக் கோயில் வாசலைத் தாண்ட வேண்டியதில்லை.

பாதிக்கப்பட்டவர்களின் பக்கமும் இந்தக் கணக்கு மாறாட்டம் நடக்கிறது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே குடியிருப்பது ஆபத்து என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். மாற்று இடத்தில் வீடு கட்டிக் கொடுத்து அவர்களைக் கொண்டுபோய் இருத்தவேண்டியது யாரோ சிலரின் கடமை. ஆனால் செத்த வீட்டில் என்ன பேசிக்கொண்டோம்? ஆண்டவன் சோதனை, தலைவிதி, ஏதோ சாமி குத்தம். சாமியின் பெயரைச் சொன்ன கணமே, பதில் சொல்லவேண்டிய மனிதர்கள் காட்சியிலிருந்து விலகிவிடுகிறார்கள். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதியான ஒழுக்கம் வேறில்லை.

சரி, நடைமுறை எப்படி இருந்தாலும், நல்லது எது, கெட்டது எது என்று சொல்லக் கடவுள் வேண்டாமா என்று கொஞ்சம் படித்தவர்கள் கேட்பார்கள். ஏதென்ஸில் சோக்கிரட்டீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதிவைத்த கேள்வி இதற்கு இன்னும் நிற்கிறது: தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா? முதலாவது சரி என்றால், பிள்ளையைக் கொல் என்று தெய்வம் சொன்னால் அதுவும் நல்லதாகிவிடும். இரண்டாவது சரி என்றால், நல்லது என்பது தெய்வத்துக்கு முன்பே இருக்கிறது. இது தத்துவம் படித்தவர்களுக்கு மட்டும் புரிகிற நுணுக்கம் இல்லை. லாரி நூச்சி என்ற உளவியலாளர் 1980களில், மதக் கட்டுப்பாடு மிகுந்த ஆமிஷ் மெனனைட் சமூகத்துப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது என்று கடவுள் சொல்லியிருக்காவிட்டால் வேலை செய்யலாமா? செய்யலாம் என்றார்கள். களவெடுக்கலாம் என்று கடவுளே சொல்லியிருந்தால் களவெடுக்கலாமா? கூடாது என்றார்கள் பெரும்பாலான பிள்ளைகள். பறிகொடுத்தவருக்கு அது நோகும் என்பது அவர்கள் காரணம். கடவுளுக்குள்ளேயே மூழ்கி வளர்ந்த பிள்ளைகளுக்கும், தெய்வக் கட்டளை ஒரு பக்கம், பிறர் நோவு ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

நம் மரபில் இது புதிதும் இல்லை, வெளியிலிருந்து வந்ததும் இல்லை. ராகலையிலிருந்து வலப்பனைப் பக்கம் இறங்கினால் சிங்களக் கிராமங்கள். அங்குள்ளவர்கள் கதிர்காமத் தெய்யோவுக்கும் விஷ்ணுவுக்கும் பூசை செய்வார்கள், ஆனால் கொல்லாதே, களவெடுக்காதே, பொய் சொல்லாதே என்ற பஞ்ச சீலம் எந்தத் தெய்வத்தின் கட்டளையும் அல்ல. உலகைப் படைத்த கடவுள் ஒருவரை வைத்து அறம் சொல்வது புத்தரின் வழியே இல்லை. காலாமர்களுக்குச் சொன்ன உபதேசத்தில், மறுபிறப்பு இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் பகையில்லாமல் வாழ்கிறவனுக்கு இங்கேயே நிம்மதி உண்டு என்ற வாதம் வருகிறது. கடவுளை நம்பாதவனுக்கு ஒழுக்கம் இருக்க முடியாது என்று நம்மவர் ஒருவர் சொல்லும்போது, தெரிந்தோ தெரியாமலோ, பக்கத்துக் கிராமத்தின் சீலத்தையே இல்லை என்கிறார். சமணர்களுக்கும் படைத்தவன் என்று ஒருவன் இல்லை. ஈ எறும்பைக்கூட நோகவிடாத அவர்களின் அகிம்சையைவிடக் கண்டிப்பான ஒழுக்கம் எந்தச் சாமி பயத்திலிருந்து வந்திருக்கிறது? நாலடியார் சமண முனிவர்கள் தந்தது. பசித்தவர் வயிற்றை நிரப்புவதையே பெரிய அறமாகச் சொல்லும் மணிமேகலை பௌத்தக் காப்பியம். வேதத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிய மீமாம்சகர்களுக்கும் தருமத்தை நிறுவ ஈசுவரன் தேவைப்படவில்லை. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தோடு தொடங்குகிறார், உண்மைதான். இன்னா செய்யாமைக்கு வரும்போது அவர் எடுக்கும் வாதமோ, தனக்கு நோவது எது என்று அறிந்தவன் பிறருக்கு அதை ஏன் செய்கிறான் என்பது. கடவுள் இல்லாமல் அறம் பேசுவது தமிழனுக்கு ஆகாது என்கிறவர்கள் தமிழை இன்னும் கொஞ்சம் படிக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நடந்த ஒன்றை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்பிக்கையாளரும் நம்பாதவரும் நேருக்கு நேர் நின்ற இடம் அது. தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957லேயே வந்துவிட்டது. பொது இடங்களில் சாதியைக் காட்டித் தடுப்பது குற்றம் என்றது அந்த 21ஆம் இலக்கச் சட்டம். ஆனால் கோயில் கதவுகள் திறக்கவில்லை. தேநீர்க் கடையில் போத்தலில் தேநீர், கோயிலில் வெளி வீதியோடு கும்பிடு. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து எழுந்த ஊர்வலத்தோடு போராட்டம் வீதிக்கு வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட பக்தர்கள் உள்ளே போய்க் கும்பிட வேண்டும் என்று வந்து நின்றார்கள். வாசலை மறித்து நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டில் படித்த கணித மேதை, முன்னாள் அமைச்சர், ஆசாரமான சைவர். அவர்மேல் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. உள்ளே போகத் துடித்தவர்களோடு நின்று அந்தப் போராட்டத்துக்குத் தலைமை கொடுத்தவர்கள் யார்? நா. சண்முகதாசனின் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள். முருகன் வேலோடு காப்பான் என்று நம்பாதவர்கள், முருகனைக் கும்பிட ஆசைப்பட்டவனின் உரிமைக்காக அடியும் உதையும் பட்டார்கள். அவர்களுக்கு அந்தக் கோயிலில் ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை, மறுமையில் கிடைக்கப்போகும் புண்ணியமும் இல்லை. வெளியே நிறுத்தப்பட்ட மனிதனின் அவமானத்தைத் தங்களுடையதாக உணர்ந்தார்கள், அவ்வளவுதான். பக்தி வாசலை அடைத்து நின்றபோது அறம் எந்தப் பக்கம் இருந்தது?

இலங்கையில் கடவுள் மறுப்பு என்றால் ஆபிரகாம் கோவூரின் பெயரைச் சொல்லாமல் முடியாது. 1898இல் கேரளத்தின் திருவல்லாவில் மார்த்தோமா சபைக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1928இல் இங்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தார், பிறகு தெற்கில் பல பாடசாலைகள். ஓய்வுக்குப் பிறகு பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக, பேய் பிடித்ததென்றும் சூனியம் வைத்ததென்றும் வதைபட்ட குடும்பங்களைத் தேடிப் போனார். மோசடி இல்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். கடைசிவரை யாரும் அதை வெல்லவில்லை. பேயாட்டத்துக்குப் பின்னால் இருந்த அடியையும், வெளியில் சொல்லமுடியாத பயத்தையும், கொடுமையையும் கேட்டு விசாரித்து எழுதினார். 1978 செப்டெம்பரில் இறந்தபோது கண்களைக் கண் வங்கிக்கும், உடலை மருத்துவக் கல்லூரிக்கும் கொடுத்தார். எலும்புக்கூட்டைத் தான் படிப்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்கு எழுதி வைத்தார்.

அந்தக் கண்களோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இலங்கைக் கண்தானச் சங்கத்தை 1961இல் தொடங்கிய மருத்துவர் ஹட்சன் சில்வா பௌத்தர். 1964இலிருந்து இங்கிருந்து வெளிநாடுகளுக்கும் விழிவெண்படலங்கள் போகின்றன. முற்பிறப்பொன்றில் போதிசத்துவர் தன் கண்களையே தானம் செய்த ஜாதகக் கதையைக் கேட்டு வளர்ந்த ஆயிரமாயிரம் பௌத்தர்கள் கண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். கோவூரும் கொடுத்தார், எந்தக் கதையும் இல்லாமல், அடுத்த பிறவிக்குப் பலன் எதிர்பார்க்காமல். பார்வை கிடைத்தவருக்கு இரண்டு கண்ணும் ஒன்றே. மத நம்பிக்கை நல்லதைச் செய்யத் தூண்டாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. அது இல்லாமலும் அதே நல்லதைச் செய்யமுடியும், செய்திருக்கிறார்கள் என்கிறேன். "முடியவே முடியாது" என்கிற வாதத்தை உடைக்க ஒரு கோவூரே போதும்.

இந்த இடத்தில் எதிர்வாதம் ஒன்று வரும். வரவும் வேண்டும். கடவுளை ஒழித்த ஸ்டாலின் செய்ததென்ன, பொல் பொட் செய்ததென்ன? லட்சக்கணக்கான உயிர்களின் கணக்கு அது, யாரும் மழுப்பக்கூடாது. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, நம் இடதுசாரிகளின் கதையே இருக்கிறது. 1940 ஜனவரி 10 அன்று, 16 சதச் சம்பள உயர்வு கேட்ட முல்லோயாத் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அவருடைய மனைவிக்காக விசாரணை ஆணைக்குழு முன் வாதாடியவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. 1948இல் நம்முடைய பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தைப் பாராளுமன்றத்தில் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். அதே சமசமாஜக் கட்சி 1964இல் அரசாங்கத்தில் சேர்ந்தது. அந்த ஒக்டோபரில் அதே அரசாங்கம்தான் நம்மைக் கேட்காமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் எழுதியது. 1972இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த அரசியலமைப்பை ஆக்கியவர் யார்? அதே கொல்வின். 1940இலும் 1972இலும் அவருடைய கடவுள் நம்பிக்கையில் மாற்றம் எதுவும் இல்லை. மாறியது வேறு. கோவிந்தனின் மனைவி முன்னால் நின்ற காலத்தில் அவள் முகம் அவருக்குத் தெரிந்தது. நாற்காலியில் அமர்ந்த காலத்தில் அந்த முகம் ஓர் எண்ணிக்கைக்குள் மறைந்துபோனது. ஸ்டாலினிடம் நடந்ததும் இதன் பேருருவம்தான். கட்சியையும் வரலாற்றையும் மனிதனுக்கு மேலே தூக்கி வைத்தார்கள், சாமியைத் தூக்கி வைத்தவர்கள் செய்ததைப் போலவே. நம்பாதவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்பது என் கட்சி இல்லை. ஒருவர் நல்லவரா என்று அறிய, சாமி கும்பிடுகிறாரா என்ற கேள்வி உதவாது என்பதுதான்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இன்னொரு வாதத்தைக் கேட்கும்போது. "நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தேவையில்லாம இருக்கலாம். லயத்துச் சனத்துக்குச் சாமி பயம் இருந்தாத்தான் சரி." படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள், அதுவும் லயத்தில் பிறந்து வெளியே போனவர்கள். அந்தக் காலத்துத் துரை, கூலிக்குப் பிரம்பு வேண்டும் என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? என் அம்மாயி ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகாதவர். 1974இல் தோட்டங்களில் பட்டினி கிடந்த மாதங்களில், கிடைத்த கோதுமை மாவில் ரொட்டி தட்டினால் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கும் ஒரு துண்டு போகும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அம்மாயி சாமி கும்பிடுகிறவர்தான். ஆனால் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டால் சாமியைப் பற்றிப் பேசமாட்டார். "புள்ள பாத்துக்கிட்டு நிக்குதுல்ல" என்பார். அந்தப் பதிலுக்குப் பின்னால் இன்னொரு காரணத்தைத் தேட எனக்குத் தோன்றவில்லை. அவருடைய நல்ல குணத்தை அவரிடமிருந்து பிடுங்கிச் சாமியின் பேரில் வரவு வைக்கிறவர்கள், அவரைப் பெருமைப்படுத்துகிறோம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது களவாகவே படுகிறது.

லயத்தில் சாவு விழுந்தால் நடப்பதைப் பாருங்கள். மரண உதவிச் சங்கத்துப் பணம் உடனே வருகிறது. குழி வெட்ட இளைஞர்கள் போகிறார்கள், யார் வீட்டிலோ தேத்தண்ணி கொதிக்கிறது, வேறொரு காம்பராவில் செத்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு வேகிறது. செத்தவர் வேதக்காரரா, மாரியம்மன் கோயிலுக்குப் போனவரா, எங்கேயும் போகாதவரா என்று யாரும் விசாரிப்பதில்லை. இந்த ஒழுக்கத்துக்கு மேலிருந்து காவல் கிடையாது. பத்தடி அகலக் காம்பராக்களில் சுவரோடு சுவராக, ஒரே பீலிக்கரையில் தண்ணீர் பிடித்து, ஒருவர் இருமலை மற்றவர் கேட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சனம் தாங்களே உண்டாக்கிக்கொண்டது அது. கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காதவனை லயம் ஒதுக்கிவைக்கும், பிள்ளையை அடிக்கிறவனைப் பக்கத்து வீட்டுக்காரி சத்தம்போட்டு நிறுத்துவாள். இந்தச் சனத்தைப் பார்த்து, சாமி பயம் இல்லாவிட்டால் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

இதற்காகக் கோயிலை இடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் திரிக்கவேண்டாம். தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதை முனியையும் தேயிலை வெட்டுக்குக் கவ்வாத்துச் சாமியையும் உண்டாக்கிக்கொண்ட சனம் நாம். எலும்பை முறிக்கும் வேலைக்கு நடுவில் அந்தச் சாமிகள் தந்த துணிவு பெரிது. காமன் கூத்தும் திருவிழாவும் இல்லாவிட்டால் இங்கே மனிதனாகத் தலை நிமிர்ந்த நாட்களே குறைந்திருக்கும். அழகுக்கும் ஆறுதலுக்கும் கோயில் இருக்கட்டும். நல்லவன் என்ற சான்றிதழைக் கொடுக்கிற அதிகாரம் மட்டும் அதற்கு வேண்டாம். அந்த அதிகாரம் இருக்கிற வரைக்கும், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் தப்புச் செய்தால் கேட்க ஆள் வராது. கோயிலுக்கு வராத பையன் தப்பே செய்யாவிட்டாலும் சந்தேகம் அவன்மேல்தான் விழும். லயத்தில் ஏதாவது காணாமல் போனால் முதலில் யார் வீட்டைத் தேடுகிறோம் என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்கலாம்.

சாமி பயம் இல்லாமல் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது, அது அவர்களின் கையிலேயே இருக்கிறது. நம் பாடசாலைகளில் சமயம் கட்டாயப் பாடம், க.பொ.த. சாதாரண தரம் வரைக்கும். சைவநெறி, பௌத்தம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்ற ஐந்தில் ஒன்றை எழுதியே ஆகவேண்டும். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் கொடுக்கிறது. ஆனால் நம்பிக்கையில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஐந்துக்கு வெளியே ஓர் இடம் இல்லை. நம்பாததை நம்புவதாக எழுதிப் புள்ளி வாங்கப் பதினாறு வயதிலேயே பழக்குகிறோம். பொய் சொல்லாதே என்று படிப்பிக்கிற பாடத்திலேயே இது நடக்கிறது. விரும்புகிற பிள்ளைக்கு ஆறாவது தெரிவாக ஒழுக்கவியல் என்றொரு பாடம் வேண்டும். பிறருக்கு நோவது எது, பட்ட கடனை யாருக்குத் திருப்புவது, அதிகாரத்தில் இருப்பவரிடம் எப்படிக் கணக்குக் கேட்பது என்பதை எந்தச் சாமியின் பெயரும் சொல்லாமல் அதில் படிப்பிக்கவேண்டும். ராகலைப் பாடசாலைகளின் அபிவிருத்திச் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் கல்வி அமைச்சுக்கும் அனுப்பலாம். சைவநெறி ஆசிரியர்களும் அதில் கையெழுத்துப் போடலாம்; அவர்களின் பாடத்திலிருந்து யாரையும் பிடுங்கிக்கொண்டு போவதற்கு அல்ல, அங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளை மனமறிந்து உட்கார்ந்திருக்கட்டும் என்பதற்கு.